இயற்பியல் வகுப்பில் தமிழும் பேசுகிறேன், துறையில் எதிர்ப்பு. உங்கள் கல்லூரிகளில் எப்படி?

திருகை:

எல்லோருக்கும் வணக்கம். அரசு கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் இயற்பியல் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். இது ஒன்பதாவது வருடம். கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவள். கல்லூரியில் சேர்ந்த முதல் ஆறு மாதம் வகுப்பில் என்ன நடந்தது என்று இன்றும் எனக்குத் தெரியாது. போர்டில் இருந்ததை அப்படியே நோட்டில் இறக்கிக்கொண்டு வந்து, ராத்திரி ஹாஸ்டலில் அகராதியோடு உட்காருவேன். அந்த நினைப்பு இல்லாமல் இந்தக் கேள்வியை என்னால் எழுத முடியாது.

எங்கள் துறையில் ஆங்கிலவழி மட்டும்தான். இந்த வருடம் முதலாண்டில் 48 பேர். தமிழ்வழியில் படித்தவர்கள் கை தூக்குங்கள் என்றேன். 41 கைகள்.

செப்டம்பரில் மெக்கானிக்ஸ் தாளில் சுழல் இயக்கம் போய்க்கொண்டிருந்தது. டார்க் (torque, பொருளைச் சுழலவைக்கும் திருப்பம்), மொமென்ட் ஆஃப் இனர்ஷியா (சுழற்சி மாறுவதை எதிர்க்கும் தன்மை) என்று மூன்று வகுப்பு எடுத்தேன். மூன்றாம் நாள் முடிவில் வரிசையாக நோட்டைப் பார்த்துக்கொண்டு போனபோது, ஒரு பெண் ‘டார்க்’ என்று தமிழில் எழுதி, பக்கத்தில் பென்சிலால் ‘இருட்டு?’ என்று போட்டிருந்தாள். அவளிடம், “திருப்பு விசை படிச்சிருக்கியா?” என்று கேட்டேன். “பதினொண்ணாவதுல படிச்சிருக்கேன் மேடம்” என்றவள், கதவுக் கைப்பிடியை ஏன் கீலுக்குப் பக்கத்தில் வைப்பதில்லை என்பது வரை கடகடவென்று சொன்னாள். நிலைமத் திருப்புத்திறன்? அதுவும் தெரிந்திருந்தது. பின்பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து, “மேடம், மொமென்ட் ஆஃப் இனர்ஷியான்னா நிலைமத் திருப்புத்திறனா? ரெண்டும் ஒண்ணா?” என்று கேட்டான்.

அவர்களுக்குத் தெரிந்த பாடத்தையே மூன்று நாள் தெரியாத பாடமாக நடத்தியிருக்கிறேன். அன்று வீட்டுக்குப் போய் நான் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் ராகி அரைக்கும் திருகையிலிருந்து ஆரம்பித்தேன். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோரும் அதைச் சுற்றியவர்கள். கைப்பிடி ஏன் ஓரத்தில் இருக்கிறது, கல் கனமாக இருந்தால் கையை எடுத்த பிறகும் ஏன் கொஞ்ச நேரம் ஓடுகிறது என்று தமிழில் பேசினோம். பிறகு சமன்பாடுகளை ஆங்கிலத்தில் வருவித்தேன். அதிலிருந்து ஒவ்வொரு யூனிட் தொடக்கத்திலும் போர்டின் இடது ஓரத்தில் பள்ளிப் புத்தகத்துத் தமிழ்ச்சொல்லையும் இங்கே படிக்கப்போகும் ஆங்கிலச் சொல்லையும் எதிரெதிரே எழுதிவைக்கிறேன். கடைசிப் பத்து நிமிடம் பக்கத்தில் இருப்பவரிடம் தமிழில் விளக்கிச் சொல்லிவிட்டு, மூன்று வரி ஆங்கிலத்தில் எழுத வேண்டும். இன்டர்னல் தேர்வில் கேள்வி ஆங்கிலத்தில்தான். விடையை எந்த மொழியிலும், கலந்தும் எழுதலாம். முதல் இன்டர்னலில் பெரிய கேள்விகளைத் தொடாமலே தாளைக் கொடுத்தவர்கள் 11 பேர். இரண்டாவதில் 2 பேர்.

போன வாரம் துறைக் கூட்டத்தில் இது பிரச்சினையாகிவிட்டது. மூத்த பேராசிரியை ஒருவர், “நீ அந்தப் பிள்ளைங்களுக்கு நல்லது செய்யறதா நினைச்சு அவங்க கால்ல கல்லைக் கட்டற” என்றார். இன்னொருவர், கலப்பு மொழியில் எழுதிய விடைத்தாள், கல்லூரிகளுக்குத் தரமதிப்பீடு செய்யும் நாக் (NAAC) குழு பார்க்கும் ஃபைலில் இருந்தால் கல்லூரிக்குக் கெட்ட பெயர் என்றார். பாடம் ஆங்கிலவழியில் இருந்தாலும் மாணவர்கள் உள்ளூர் மொழியில் தேர்வெழுத அனுமதியுங்கள் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2023 ஏப்ரலில் எல்லாப் பல்கலைக்கழகங்களையும் கேட்டுக்கொண்டதைச் சொன்னேன். நம் பல்கலைக்கழகத்திலிருந்து சுற்றறிக்கை வரட்டும் என்று முடித்துவிட்டார்கள்.

என்னை உறுத்துவது வேறு ஒன்று. வராண்டாவில் நடந்தால் எல்லா வகுப்பிலிருந்தும் தமிழ்தான் கேட்கிறது. “சரி, இப்ப தமிழ்ல சொல்றேன், கவனிங்க” என்பதைச் சொல்லாத ஆசிரியர் எங்கள் கல்லூரியில் ஒருவரும் இல்லை. அதைப் பிள்ளைகளுக்காக இரங்கிச் செய்யும் உதவியாக நினைக்கிறார்கள். அதையே முன்கூட்டித் திட்டமிட்டு, பாடக்குறிப்பில் எழுதி, மதிப்பெண்ணும் கொடுத்தால் குற்றமாகிவிடுகிறது. 1968 முதல் இருமொழிக் கொள்கை என்கிறோம். இரண்டையும் மொழிப்பாடமாகப் படிக்க வைக்கிறோம், சரி. ஒரு பாடத்தை இரண்டு மொழியிலும் யோசிக்க எந்த வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறோம்?

உங்கள் கல்லூரிகளில் ஆசிரியர்கள் இதை எப்படிப் பார்க்கிறார்கள்? விடைத்தாளில் இரண்டு மொழியையும் ஏற்கிறீர்களா?

பழைய லேத்:

அம்மா, நான் மெக்கானிக்கல் ஆசிரியர், ஓய்வு பெற்றுவிட்டேன். 2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் சிவில், மெக்கானிக்கல் இரண்டையும் தமிழ்வழியில் தொடங்கியபோது அந்த வகுப்புக்குப் பாடம் எடுத்தவர்களில் நானும் ஒருவன். தொடக்கத்தில் எனக்கு விருப்பமே இல்லை. பிள்ளைகளை வைத்துச் சோதனை செய்கிறார்கள் என்று எங்கள் ஆசிரியர் அறையில் பேசிக்கொண்டோம். அந்தப் பேச்சில் என் குரலும் உண்டு.

என்னை மாற்றியது தெர்மோடைனமிக்ஸ் வாய்மொழித் தேர்வு. ஆங்கிலவழிப் பையனிடம் இரண்டாம் விதியைக் கேட்டால் புத்தக வரியை ஒப்பிப்பான். அடுத்த கேள்வி கேட்டால் நின்றுவிடுவான். தமிழ்வழிப் பையன் வாக்கியத்தைத் தட்டுத்தடுமாறிச் சொன்னாலும், “ஃபிரிட்ஜ் பின்னாடி ஏன் சுடுது?” என்றால் சரியாகச் சொல்வான். எல்லோரும் அப்படி இல்லை. ஆனாலும் நாலைந்து பேரிடம் பார்த்த பிறகு என் மனசு பழைய இடத்தில் நிற்கவில்லை.

ஒரு எச்சரிக்கை. சொல்லில் பிடிவாதம் வேண்டாம். பேரிங்குக்குத் ‘தாங்கி’ என்று எழுதிப் போட்டேன். பட்டறையில் வேலை பார்த்துவிட்டு வந்த பையன், “சார், பேரிங்குன்னே சொல்லுங்க, எங்க அப்பாவுக்கே அதுதான் தெரியும்” என்றான். நீங்கள் செய்வது சரி. ‘நிலைமத் திருப்புத்திறன்’ பள்ளியிலேயே அவன் காதில் விழுந்த சொல், அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். அவன் கேட்டே இராத சொல்லைத் தமிழ் என்பதற்காகவே கொண்டுவந்தால் அவனுக்கு இரண்டாவது அந்நிய மொழி வந்துசேரும்.

தனித் தமிழ்வழி வகுப்பில் சிரமமும் பார்த்தேன். மூன்றாம் வருடத்துக்கு மேல் புத்தகம் கிடையாது, நாங்களே குறிப்பு எழுதிக் கொடுத்தோம். வேலைக்கு ஆளெடுக்க வந்தவர்கள் அந்த வகுப்பு என்றதும் தயங்கினார்கள். சேர்க்கையும் குறைந்தது. 2023-இல் சில உறுப்புக் கல்லூரிகளில் நிறுத்தப்போவதாக அறிவிப்பு வந்து, எதிர்ப்புக்குப் பிறகு திரும்பப் பெற்றார்கள். அதனால்தான் சொல்கிறேன்: முழுதும் தமிழ், முழுதும் ஆங்கிலம் என்று இரண்டு அறையாகப் பிரிக்காமல், ஒரே அறையில் இரண்டும் என்று நீங்கள் செய்வது எனக்கு அன்று தோன்றாமல் போனது.

பியூரெட்:

நான் உங்கள் மூத்த பேராசிரியை பக்கம். கோபித்துக்கொள்ளாதீர்கள் மேடம். சுயநிதிக் கல்லூரியில் வேதியியல் நடத்துகிறேன், பதினான்கு வருடமாக.

நானும் தமிழ்வழிதான். தேனிப் பக்கம். எங்கள் பேராசிரியர் ஒரு வார்த்தை தமிழில் பேச மாட்டார், எங்களையும் பேச விட மாட்டார். அழுதிருக்கிறேன். ஆனால் இன்று ஒரு கருத்தரங்கில் எழுந்து கேள்வி கேட்கிறேன் என்றால் அந்த அழுகைதான் காரணம் என்று நம்புகிறேன். நம் பிள்ளைகளுக்கு வீட்டில் ஆங்கிலம் இல்லை, தெருவில் இல்லை, பஸ்ஸில் இல்லை. ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் கல்லூரியில்தான் காதில் விழுகிறது. அதையும் குறைத்தால் எங்கே கேட்பார்கள்? விரிவுரையாளர் தகுதிக்கும் மேற்படிப்புக்கும் எழுதும் நெட், கேட் தேர்வில் இயற்பியலும் வேதியியலும் ஆங்கிலத்தில் வருகிறது. நகரத்து மாணவனோடு அங்கே போட்டி போடும்போது நாம் பக்கத்தில் இருக்கப் போவதில்லை.

பணம் கட்டும் பெற்றோரும் இருக்கிறார்கள். “இங்கிலீஷ்ல பேச வைங்க மேடம்” என்று ஆட்டோ ஓட்டும் அப்பா வந்து கேட்கும்போது, நான் உங்கள் மகனுக்குத் தமிழில் விளக்குகிறேன் என்று எப்படிச் சொல்வேன்?

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு இப்போது தமிழ்ச்சொற்கள் வருவதில்லை. ஒரு மாணவன் ‘இனக்கலப்பு’ என்றான். ஹைப்ரிடைசேஷன் என்று புரிய எனக்குச் சில நொடி ஆனது. முப்பது பேர் முன்னால் சங்கடமாக இருந்தது. எங்கள் துறையில் தமிழ் வேண்டாம் என்று அழுத்திச் சொல்பவர்களில் சிலருக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். எனக்கு உண்டு.

திருகை:

கோபமே இல்லை மேடம். கடைசியில் எழுதினீர்களே, அதைப் படித்ததும் எங்கள் மூத்த பேராசிரியை நினைவுக்கு வந்தார். சென்னையில் ஆங்கிலப் பள்ளியில் படித்து வந்தவர். அவருக்கு அந்தச் சொற்களைக் கேட்கும் வாய்ப்பே இருந்ததில்லை. கூட்டத்தில் நான் அதை யோசிக்கவில்லை.

ஐந்து மணி நேர ஆங்கிலம் என்றீர்கள். என் அனுபவத்தில் அந்த ஐந்து மணி நேரமும் அது என் காதில் விழுந்தது, மனதுக்குள் போகவில்லை. நீங்கள் அழுது மேலே வந்தீர்கள், நானும் வந்தேன். என்னோடு சேர்ந்த ஏழு பெண்களில் மூன்று பேர் இரண்டாம் வருடத்தோடு நின்றுவிட்டார்கள். ஒருத்தி பள்ளியில் என்னைவிட நன்றாகக் கணக்குப் போடுவாள். இப்போது ஓசூரில் ஒரு கம்பெனியில் பேக்கிங்கில் இருக்கிறாள். நின்றுபோனவர்களைக் கேட்க நமக்கு வழியில்லாததால்தான் அந்தக் கண்டிப்பு பலன் தந்ததாகத் தெரிகிறதோ என்று எனக்குப் படுகிறது.

சுன்னாகம் சந்தி:

பிள்ளை, நான் யாழ்ப்பாணத்தில் விஞ்ஞான பீடத்தில் பௌதிகவியல் படிப்பித்து ஓய்வு பெற்றவன். உங்கட கேள்வி எங்களுக்கும் பழைய கேள்விதான்.

எங்கட பிள்ளைகள் உயர்தரம் (உங்கட பன்னிரண்டாம் வகுப்பு மாதிரி) வரைக்கும் எல்லாம் தமிழிலதான் படிச்சு வருவினம். உங்கட ‘முடுக்கம்’ எங்களுக்கு ‘ஆர்முடுகல்’. ‘அதிர்வெண்’ எங்களுக்கு ‘மீடிறன்’. ‘திசையன்’ எங்களுக்குக் ‘காவி’, ‘அணி’ எங்களுக்குத் ‘தாயம்’. அந்தச் சொல்லுகளில கணக்குச் செய்து நல்ல பெறுபேறு எடுத்து வாற பிள்ளை, பல்கலைக்கழகத்தில முதல் நாளே எல்லாம் ஆங்கிலம் எண்டதும் வாயடைச்சுப் போகும். கலைப்பீடத்தில தமிழிலயே படிக்கலாம். விஞ்ஞானம், மருத்துவம், பொறியியல் மட்டும் ஆங்கிலம்.

எங்களிலயும் இரண்டு கட்சி இருந்தது. விரிவுரை ஆங்கிலத்தில, பயிற்சி வகுப்புத் தமிழில எண்டு பலர் சமாளிச்சம். பிறகு நிலைமை மாறிச்சுது. தெற்கில இருந்து சிங்களப் பிள்ளைகள் நிறைய வரத் தொடங்கினவை. அவைக்கும் ஆங்கிலம் கஷ்டம், தமிழ் அறவே தெரியாது. நான் தமிழில ஒரு விளக்கம் சொன்னால் முன்வரிசையில இருக்கிற பிள்ளை பேனையை வைச்சிட்டு என்ர முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். அந்தப் பார்வை எனக்குத் தாங்கேலாமல் இருந்தது. கடைசி வருசங்களில நான் ஆங்கிலத்தையே எளிமையாக்கி, மெதுவாக, படம் கீறிப் படிப்பிச்சன். தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழிலயும், சிங்களப் பிள்ளைகளுக்கு அவையின்ர நண்பர்களைக் கொண்டு சிங்களத்திலயும் பின்னேரம் கலந்துரையாடல் வைச்சம். உங்கட வகுப்பில கன்னடமோ தெலுங்கோ வீட்டுமொழியாய் உள்ள பிள்ளைகள் இருக்கினமோ எண்டு ஒருக்கால் பாருங்கோ. நீங்கள் இருக்கிறது எல்லை மாவட்டம்.

இன்னொரு பழைய கதை. 1847இல யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில முதலில ஆங்கிலத்திலதான் மருத்துவம் படிப்பிச்சவர். 1864இல இருந்து தமிழுக்கு மாறினார். உடற்கூற்றியல், இரண வைத்தியம், இரசாயனம் எண்டு புத்தகங்களைத் தமிழில ஆக்குவிச்சார். ஆங்கிலத்தில படிச்ச வைத்தியர்மார் உத்தியோகம் தேடி வெளியில போகினம், ஊரில நிக்கிறதுக்கு வைத்தியர் வேணும் எண்டது அவரின்ர நோக்கம். எந்த மொழியில படிப்பிக்கிறம் எண்டது, படிச்ச பிள்ளை ஆருக்குப் பிறகு பயன்படப்போகுது எண்டதையும் தீர்மானிக்குது. உங்கட கூட்டத்தில நாக் குழுவைப் பற்றிக் கதைச்சவை இதைப் பற்றியும் கதைச்சிருக்கலாம்.

கண்மாய்க்கரை:

கல்வியியல் கல்லூரியில் வேலை. சுருக்கமாக இரண்டு விஷயம்.

உங்கள் கடைசிப் பத்து நிமிடம், ஒரு மொழியில் வாங்கி இன்னொரு மொழியில் வெளியிடுவது, வேல்ஸ் நாட்டுப் பள்ளிகளில் வெல்ஷ் மொழியையும் ஆங்கிலத்தையும் வைத்துச் செய்த முறைதான். அந்நாட்டுக் கல்வியாளர் கென் வில்லியம்ஸ் 1994-இல் அதற்கு ஒரு பெயரும் வைத்தார். இன்று உலகம் முழுக்க ‘டிரான்ஸ்லாங்குவேஜிங்’ என்று பேசுவது அதிலிருந்து வந்ததுதான். தாய்மொழியில் பிடித்த கருத்து அடுத்த மொழிக்கு இடம் மாறும், திரும்ப முதலிலிருந்து கற்க வேண்டாம் என்று கனடாவில் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் 1979 முதலே எழுதிவந்தார். உங்கள் ‘ரெண்டும் ஒண்ணா?’ பையன் அதை ஒரே வரியில் கேட்டுவிட்டான். கூட்டத்தில் பேசும்போது இந்தப் பெயர்கள் உதவும். நம் ஊரில் அனுபவத்தைச் சொன்னால் கேட்கமாட்டார்கள், வெளிநாட்டுப் பெயரைச் சொன்னால் குறித்துக்கொள்வார்கள் என்பது வருத்தம்தான்.

அடுத்தது, ஒரு வாக்கியம் ஆங்கிலம், உடனே அதையே தமிழில், இப்படி மட்டும் போகாதீர்கள். பின்னால் தமிழ் வரும் என்று தெரிந்தால் ஆங்கிலம் பேசும்போது மாணவர்கள் காதை மூடிக்கொள்வார்கள். பியூரெட் மேடம் பயப்படுவது அங்கே நிஜமாகவே நடக்கும். எந்த வேலை எந்த மொழியில் என்று பிரித்து வைப்பதே நல்லது. நீங்கள் பிரித்துத்தான் வைத்திருக்கிறீர்கள், அதை எழுத்தில் கொண்டுவாருங்கள்.

ரெக்கார்டு நோட்டு:

மேடம், நான் அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் முடித்த மாணவன். ஒன்று மட்டும் முதல் நாளே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். 2010 சட்டப்படி தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணியில் 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. ஆங்கிலவழிப் பட்டத்தில் தமிழ் கலந்து எழுதினாலும் சான்றிதழில் பயிற்றுமொழி ஆங்கிலம் என்றுதான் இருக்கும். எங்கள் வகுப்பில் இரண்டு பேர் அந்த முன்னுரிமை கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டே படித்தார்கள், விண்ணப்பிக்கும்போதுதான் தெரிந்தது. மற்றபடி, உங்களைப் போல ஒருவர் எங்களுக்கு வந்திருந்தால் ரியல் அனாலிசிஸில் அரியர் வைத்திருக்க மாட்டேன்.

திருகை:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன், அதற்குள் சில விஷயங்கள் நடந்தன.

சுன்னாகத்து ஐயா சொன்னபடி வகுப்பில் வீட்டுமொழியைக் கேட்டேன். ஆறு பேருக்குத் தெலுங்கு, மூன்று பேருக்குக் கன்னடம். அவர்களில் எட்டுப் பேர் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்கள், அதனால் சொற்கள் தெரியும். ஒரு பையன் மட்டும் பள்ளிப் படிப்பைக் கன்னடவழியில் முடித்தவன். இத்தனை நாள் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருந்திருக்கிறான். நான் கேட்காமல் இருந்திருக்கக் கூடாது. கன்னடம் பேசும் இன்னொரு பையனை அவனோடு சேர்த்து உட்காரவைத்திருக்கிறேன். போர்டில் மூன்றாவதாக ஒரு வரிசை போட்டு, அந்தச் சொற்களை அவனையே எழுதச் சொல்கிறேன். அவன் எழுத்து அழகு.

தமிழ்வழி முன்னுரிமை பற்றி வகுப்பில் சொன்னேன். நான்கு பேருக்கு அது தெரியவே தெரியாது. தம்பிக்கு நன்றி.

மூத்த பேராசிரியையிடம் தனியாகப் போனேன். கம்மின்ஸ், வேல்ஸ் எதையும் எடுக்கவில்லை. அந்த ‘இருட்டு?’ நோட்டின் பக்கத்தைப் படமெடுத்து வைத்திருந்தேன், காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். “இன்டர்னல் பேப்பர்ல கலந்து எழுதறது எனக்குச் சரியாப் படலை, அதுல மாத்தமில்லை” என்றார். பிறகு, அவர் இரண்டாம் வருடத்துக்கு ஒளியியல் எடுக்கிறார், அந்தச் சொற்பட்டியல் இருந்தால் கொடு என்றார். குறுக்கீட்டு விளைவு, விளிம்பு விளைவு, தளவிளைவு என்று எழுதிக்கொடுத்தேன். விளிம்பு விளைவு என்பதை இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு, “டிஃப்ராக்ஷன்ல இந்த அர்த்தம் தெரியாது, இதுல தெரியுதே” என்றார்.

விடைத்தாள் விஷயத்தில் துறைத்தலைவர் ஒரு நடுவழி சொல்லியிருக்கிறார். இந்த செமஸ்டர் முழுக்க இரண்டு மொழியையும் ஏற்கலாம். அடுத்த செமஸ்டரில் ஐந்து மதிப்பெண் கேள்வி ஒன்றையாவது முழுதும் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். அதற்கடுத்து இரண்டு கேள்வி. பியூரெட் மேடம் கேட்ட ஆங்கிலமும் அதில் இருக்கிறது. எனக்குச் சம்மதம். எழுத்தில் தருவதாகச் சொன்னார், இன்னும் வரவில்லை.

இப்போது வேறு சிக்கல். மூன்றாம் ஆண்டுக்கு ஸ்டாட்டிஸ்டிகல் மெக்கானிக்ஸ் எனக்கு வருகிறது. பள்ளியோடு நிற்கும் சொற்கள் அங்கே உதவாது. என்ட்ரோபியை அப்படியே வைத்துக்கொள்கிறேன். ‘பார்ட்டிஷன் ஃபங்ஷன்’ என்பதற்கு ‘பிரிவினைச் சார்பு’ என்று ஒரு பழைய குறிப்பில் பார்த்தேன், பிள்ளைகளுக்கு அது எதையும் உணர்த்துமா என்று சந்தேகமாக இருக்கிறது. பழைய லேத் ஐயா, அதையும் பேரிங் மாதிரியே விட்டுவிடலாமா? சுன்னாகத்து ஐயா, உங்கள் பின்னேர வகுப்புகளில் அதற்கு என்ன சொல்வீர்கள்? குறிப்புகள் ஏதாவது கைவசம் இருந்தால் படமெடுத்து இங்கே போடுங்கள். ஜனவரி கடைசியில் அந்த யூனிட்டைத் தொடங்க வேண்டும்.